திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கு ஒரு துணைக்குழு

திக்கிப் பேசும் பிள்ளைகளில் பலர், தங்களைப் போலப் பேசுகிற இன்னொரு பிள்ளையோடு ஒருநாள்கூடப் பழகாமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் அப்படி நேர்வதில்லை. 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் நூற்றுக்கு 5 பிள்ளைகளாவது சில காலம் திக்கிப் பேசுகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கு வளர வளர அது நின்றுவிடுகிறது. நிற்காமல் தொடர்பவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கிறார்கள். அப்படியானால் 600 பேர் படிக்கிற பள்ளியில் ஐந்தாறு பேர் இருக்க வேண்டும். ஆசிரியர்களைக் கேட்டால் ஒரு பெயர் வரும், மிஞ்சினால் இரண்டு. மற்றவர்கள் வாயைத் திறக்காமலிருந்தே தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். "ரொம்ப அமைதியான பிள்ளை" என்று பாராட்டு வாங்கியவர்களிலும், "கேட்டா பதிலே சொல்ல மாட்டான்" என்று திட்டு வாங்கியவர்களிலும் அவர்களைத் தேட வேண்டும். பெண் பிள்ளைகள் இன்னும் ஆழமாக மறைந்திருப்பார்கள். திக்கல் தொடங்கும் வயதில் ஒரு பெண் பிள்ளைக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் என்றிருக்கும் விகிதம், பெண் பிள்ளைகள் கூடுதலாக மீள்வதால், பெரியவர்களிடையே ஒன்றுக்கு நான்கு அளவில் ஆகிறது. அதோடு, பெண் பிள்ளை பேசாமலிருந்தால் வீட்டில் அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

இப்படித் தனித்தனியே ஒளிந்திருக்கும் நான்கைந்து பேரை ஓரிடத்தில் உட்காரவைப்பதுதான் துணைக்குழு. அது மருத்துவமும் அல்ல, பேச்சுப் போட்டிக்கான பயிற்சியும் அல்ல. தன் பேச்சைப் பார்த்துப் பரிதாபப்படாத, அவசரப்படாத, திருத்த வராத சிலரின் நடுவே ஒரு மணி நேரம் பேச முடிவதே அதன் முழுப் பயன்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில் இருக்கும் பெரியதாழை போன்ற கத்தோலிக்கக் கடற்கரை ஊரில் பேச்சுப் பயிற்சியாளர் கிடைப்பது அரிது. தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போய்வந்தால் வீட்டில் ஒருவருக்கு அன்றைய வேலை போகும். வாரம் ஒருமுறை, ஆறு மாதத்துக்கு வா என்று மருத்துவமனையில் சொன்னால் மூன்றாவது வாரத்தோடு அது நின்றுபோவதில் வியப்பில்லை. ஆனால் பெருநகரத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று இங்கே முன்பே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம், மறைக்கல்வி வகுப்பு, பாடகர் குழு, பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியம் என்று பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரே நாளில் கூட்டும் ஏற்பாடுகள் அவை. துணைக்குழுவுக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. இருப்பவற்றின் ஓரத்தில் ஓர் இடம் பிடித்தால் போதும்.

நடத்துபவர் முதலில் அறிய வேண்டியவை

திக்கல் நாக்கின் கோளாறு அல்ல. நாக்கடி நரம்பை வெட்டிவிட்டால் சரியாகும் என்பது பழைய பிழை. 1841இல் பிரஷ்யாவின் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் டீஃபன்பாக் நாக்கின் அடிப்பகுதியையே ஆப்பு வடிவில் வெட்டிப் பார்த்தார். அந்தச் சிகிச்சை விரைவிலேயே கைவிடப்பட்டது. பயந்ததால் வந்தது, திக்குகிறவனைப் பழித்துக் காட்டியதால் தொற்றியது, அடிக்காமல் வளர்த்ததால் வந்தது, அடித்து வளர்த்ததால் வந்தது என்று ஊரில் சொல்லப்படுபவை எவற்றுக்கும் ஆதாரமில்லை. பேச்சை ஒழுங்கு செய்யும் மூளைப் பாதைகள் சற்று வேறுவிதமாக அமைவதால் வருவது அது. குடும்பவழியாகவும் வரும். 2010இல் டென்னிஸ் டிரெய்னாவின் ஆய்வுக் குழு, பாகிஸ்தான் குடும்பங்களையும் பிறரையும் ஆராய்ந்து திக்கலோடு தொடர்புள்ள மாற்றங்களை மூன்று மரபணுக்களில் கண்டது. எல்லோருடைய திக்கலுக்கும் அவை விளக்கமாகிவிடவில்லை. ஆனாலும் "நான் வளர்த்த வளர்ப்பில்தான் கோளாறு" என்று அழுகிற தாயிடம் சொல்ல இந்தச் செய்தி உதவும்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதும், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொல்வதும் இன்றும் நடக்கின்றன. வசம்பு திக்கலைப் போக்காது. சிறு குழந்தைக்கு அதிகம் கொடுத்தால் தீங்கு. கூழாங்கல் கதை கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனீஸிடமிருந்து வருவது. கல் தொண்டைக்குள் போகும் என்பதைத் தவிர அதில் உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேர்ச்சை வைப்பது குடும்பத்தின் நம்பிக்கை. அதைத் தடுப்பது குழுவின் வேலை அல்ல. நேர்ச்சை நிறைவேறவில்லையே என்ற பழி பிள்ளைமேல் விழாமல் பார்த்துக்கொள்வது குழுவின் வேலை.

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது திக்கலின் ஏற்ற இறக்கம். காலையில் சரளமாகப் பேசிய பிள்ளை மாலையில் தன் பெயரையே சொல்ல முடியாமல் நிற்கும். தம்பியோடு சண்டைபோடும்போது திக்காது; ஆசிரியர் முன்னால் திக்கும். நாயோடும் கைக்குழந்தையோடும் பேசும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் ஏறக்குறைய எல்லோருக்கும் திக்கல் மறைந்துபோகிறது. தன் குரலே தனக்குக் கேட்காத இரைச்சலிலும் குறைகிறது. 1970களில் எடின்பரோவில், பேசும்போது காதுக்குள் இரைச்சலை ஊட்டும் கருவி ஒன்றையே இதற்காக உருவாக்கினார்கள். அலைச்சத்தத்துக்கு நடுவே நண்பனைக் கூவி அழைக்கிற பையன், வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்லத் திணறுவதில் முரண்பாடு ஏதுமில்லை. "ஜெபமாலையில திக்கல, பாட்டுல திக்கல, வீட்டுப்பாடம் ஒப்பிக்கச் சொன்னா மட்டும் திக்குதா? நடிக்கிறான்" என்ற தீர்ப்பு பல வீடுகளில் அடியாக முடிந்திருக்கிறது. குழு நடத்துபவர் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் முதலில் விளக்க வேண்டியது இதைத்தான்.

யார், எங்கே, எப்போது

மூன்று பிள்ளைகள் இருந்தால் தொடங்கலாம். எட்டுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரிப்பது நல்லது. 8 முதல் 12 வயதுவரை ஒரு குழு, 13 முதல் 17 வரை மற்றொன்று. எட்டு வயதுப் பிள்ளைக்குத் திக்கல் ஒரு தொந்தரவு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது இரவு தூங்கவிடாத அவமானம். இருவரையும் ஒரே பேச்சில் சேர்க்க முடியாது. பிள்ளைகள் குறைவாக இருந்து எல்லோரையும் ஒன்றாக வைக்க நேர்ந்தால், மூத்த பிள்ளைகளுக்குக் கடைசிக் கால் மணி நேரத்தைத் தனியே ஒதுக்க வேண்டும்.

ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் குழு தேவையில்லை. அந்த வயதில் பயன் தருவது பேச்சுச் சிகிச்சைதான். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறை போன்ற, பெற்றோர் வழியாகவே செய்யப்படும் சிகிச்சைகள் இந்த வயதுக்குரியவை. திக்கத் தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் திக்கல் இருந்தாலோ, பேசும்போது பிள்ளை கண்ணை இறுக மூடி உடம்பை முறுக்கினாலோ காத்திருக்கக் கூடாது.

நடத்துவதற்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். அவர்களில் ஒருவராவது திக்கிப் பேசுகிறவராக இருப்பது சிறப்பு. ஊரில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார்: வலை பின்னுகிறவர், கடை வைத்திருப்பவர், வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டவராக இருக்க வேண்டியதில்லை. திக்கிக்கொண்டே திருமணம் செய்து, பிள்ளை வளர்த்து, நாலு பேரோடு சண்டையும் சமாதானமும் ஆகி வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பதே பிள்ளைகள் பார்க்க வேண்டிய பாடம். மற்றவர் ஆசிரியராகவோ மறைக்கல்வி ஆசிரியராகவோ இருக்கலாம். பெண் பிள்ளைகள் வருவதானால் இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது கட்டாயம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் கதவு சாத்திய அறையில் தனித்திருக்கக் கூடாது. பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். இதில் தாராளம் காட்டுகிற குழு எவ்வளவு நல்ல நோக்கத்தோடு தொடங்கினாலும் நடக்கத் தகுதியற்றது.

இடம் கடற்கரையாக இருக்க வேண்டாம். தூண்டில் வளைவுக் கற்கள்மேல் உட்கார்ந்தால் காற்று நன்றாக வரும். போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கையும் பார்ப்பார்கள். மறைக்கல்வி வகுப்பறையோ பள்ளி அறையோ போதும். ஞாயிறு திருப்பலியும் மறைக்கல்வியும் முடிந்தபின், மாதம் இருமுறை, ஒரு மணி நேரம். வாரந்தோறும் என்று தொடங்குகிற குழுக்கள் பரீட்சைக் காலத்தில் உடைகின்றன. வேறு மதத்துப் பிள்ளைகளும் வருவதாக இருந்தால் பள்ளி அறையே பொருத்தம். அப்போது ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கும் பழக்கமும் வேண்டாம்.

பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு அறிவிப்புப் பலகையோ ஒலிபெருக்கியோ பயன்படுத்தக் கூடாது. "திக்குவாய்ப் பிள்ளைகள் வரவும்" என்று கோயில் அறிவிப்பில் வந்துவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே பேச வேண்டும். பிள்ளை மறுத்தால் விட்டுவிட வேண்டும். இழுத்துவரப்பட்ட பிள்ளை குழுவையும் ஒரு தண்டனையாகவே எண்ணும்.

முதல் கூட்டம்

வரிசையாக எல்லோரும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது எந்தக் கூட்டத்திலும் வழக்கம். இந்தக் கூட்டத்தில் அதைச் செய்யக் கூடாது. திக்கிப் பேசுகிறவருக்குத் தன் பெயரைப் போலக் கடினமான சொல் வேறில்லை. மற்ற சொல் வராவிட்டால் வேறு சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். பெயரை மாற்ற முடியாது. தன் முறை நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும். முன்னால் பேசுகிறவர்கள் சொல்வது ஒன்றும் காதில் விழாது. அதனால் நடத்துபவர் பிள்ளைகளின் பெயர்களை முன்பே கேட்டு அட்டையில் எழுதி வைத்துவிடலாம். பேச விரும்புகிறவர் பேசட்டும். கேட்க மட்டும் வந்தவர் கேட்கட்டும். முதல் இரண்டு மூன்று கூட்டங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளை உண்டு. அதைக் குழுவின் தோல்வியாகக் கொள்ளத் தேவையில்லை. இன்னொரு பிள்ளை திக்கியதையும், அதைக் கேட்டு யாரும் சிரிக்காததையும் அது பார்த்துவிட்டுப் போகிறது.

திக்கிப் பேசும் பெரியவர் முதலில் தன் கதையைச் சொல்லலாம். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "நான் இப்படித்தான் வென்றேன்" என்ற தொனி அறவே வேண்டாம். பேருந்தில் ஊர்ப் பெயர் வராமல் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கியது, பெண் பார்க்கப் போன இடத்தில் தண்ணீர் கேட்க முடியாமல் தாகத்தோடு திரும்பியது போன்ற நிகழ்ச்சிகள் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும். அந்தச் சிரிப்பு கேலிச் சிரிப்பு அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கேரளத்தின் முதல் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு திக்கிப் பேசியவர். 1957இலும் 1967இலும் ஆட்சிக்குத் தலைமை ஏற்றவர். எப்போதும் திக்குமா என்று கேட்டவரிடம், பேசும்போது மட்டும்தான் என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை அங்கே பரவலாக வழங்குகிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை அறிவுரைகளைவிட அதிகம் பிடிக்கிறது.

விதிகள் மூன்று போதும். யாருடைய சொல்லையும் மற்றவர் முடித்துவைக்கக் கூடாது. எப்படிப் பேசினார் என்று கருத்துச் சொல்லக் கூடாது. நன்றாகத் திக்காமல் பேசினாய் என்ற பாராட்டும் இதில் அடங்கும். இங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. இரண்டாவது விதியைப் பெரியவர்களே அடிக்கடி மீறுவார்கள். திக்காததைப் பாராட்டினால், திக்கியது குற்றம் என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வெண்டல் ஜான்சன் என்ற ஆய்வாளரின் வழிகாட்டுதலில், டேவன்போர்ட் நகர அநாதை இல்லத்துப் பிள்ளைகள் 22 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் சாதாரணமாகப் பேசிய சில பிள்ளைகளிடம், உங்கள் பேச்சில் குறை இருக்கிறது, திக்காமல் பார்த்துப் பேசுங்கள் என்று மாதக் கணக்கில் சொல்லி வந்தார்கள். சொல்லிச் சொல்லி அவர்களைத் திக்கவைக்க முடிந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் பேசவே தயங்கிச் சுருங்கிப்போனார்கள். 2001இல் அயோவா பல்கலைக்கழகம் இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஓயாமல் திருத்துவது என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

தொடர்ந்து வரும் கூட்டங்கள்

ஒவ்வொரு கூட்டத்திலும் பாதி நேரம் திக்கலைப் பற்றியதாக இருக்கக் கூடாது. விளையாட்டு, படம் வரைதல், பேச்சுக்கு இடையே கொஞ்சம் கடலைமிட்டாய் என்று போகட்டும். மணியடித்து முந்திப் பதில் சொல்லும் வினாடிவினாவைத் தவிர்க்க வேண்டும். நேர நெருக்கடி திக்கலைக் கூட்டும். கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிறவனின் வேகம் இந்தப் பிள்ளைகளுக்கு மலைப்பாக இருப்பதும் இதனால்தான்.

சேர்ந்து வாசிப்பதை எல்லாக் கூட்டத்திலும் வைக்கலாம். 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மந்திரங்களைக் கூட்டமாகச் சொல்லவைத்தார். ஒரே குரலில் சொல்லும் பழக்கம் இங்கே ஐந்நூறு ஆண்டுகளை நெருங்குகிறது. அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு பக்கக் கதையை எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம். பிறகு இருவர் இருவராக, விருப்பமிருந்தால் தனியாக. சேர்ந்து வாசித்தால் திக்கல் குணமாகும் என்று சொல்லி ஏமாற்றக் கூடாது. குரல் விலகினால் திக்கல் திரும்பும். தன் வாயிலிருந்து தன் மொழி தடையில்லாமல் வருவதைப் பிள்ளை கேட்கிறது. அந்த இன்பத்துக்காகவே அதைச் செய்யலாம்.

பதின்வயதுக் குழுவுக்குக் கூடுதல் பயன் தருவது வெளியே போய்ச் செய்யும் வேலை. இருவராகச் சேர்ந்து கடைக்குப் போய், ஒருவர் வேண்டுமென்றே திக்கி ஒரு பொருளைக் கேட்பது. மற்றவர் கடைக்காரரின் முகத்தைக் கவனித்து வந்து சொல்வது. பெரும்பாலும் கடைக்காரர் சில்லறையைத்தான் கவனித்திருப்பார். தாங்கள் கற்பனை செய்துவைத்திருந்த அவமானம் அங்கே இல்லை என்று பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். இப்படி வேண்டுமென்றே திக்குவது சிகிச்சையிலும் நெடுங்காலமாகக் கையாளப்படும் முறைதான். அடுத்த படி தொலைபேசி. முகம் தெரியாதவரிடம், "ஹலோ, ஹலோ" என்ற அவசரத்துக்கு நடுவில் பேசுவது மிகக் கடினம். "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுவதைக் குழுவுக்குள் ஒருவருக்கொருவர் அழைத்துப் பழகலாம். பின்னாளில் படகில் வயர்லெஸ் கருவியை எடுத்துப் பேச வேண்டியிருக்கும் பையனுக்கு இது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்புக்கான பயிற்சி.

சில கூட்டங்களுக்குத் திக்காத நண்பர் ஒருவரை ஒவ்வொருவரும் அழைத்துவரலாம். அண்ணன், தங்கையும் வரலாம். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஒரு நண்பனுக்கு விவரம் தெரிந்திருந்தால் கேலி பாதியாகிறது.

கேலியை எதிர்கொள்வது

2009இல் மரிலின் லாங்கெவினும் மற்றவர்களும், பள்ளி செல்லும் வயதை எட்டாத, திக்கிப் பேசும் குழந்தைகளை விளையாடுமிடத்தில் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மற்ற குழந்தைகள் பெரும்பாலும் திக்கலைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் குழம்பி நகர்ந்ததும், கேலி செய்ததும், பேச்சைக் கேட்காமல் போனதும் அப்போதே தொடங்கியிருந்தன. கேலியைப் பெரிய வகுப்பில் வரும் விஷயம் என்று தள்ளிப்போட முடியாது என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்ப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகள் இதற்கு நெய் வார்க்கின்றன. திக்குகிற பாத்திரம் வந்தாலே சிரிக்க வேண்டும் என்று மூன்று தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

"காதுல வாங்காத, போ" என்ற அறிவுரை பயன்படுவதில்லை. திருப்பி அடிப்பதும் பிரச்சினையைப் பெரிதாக்கும். குழுவில் நடித்துப் பழகத் தக்கது சிறிய, நேரான பதில்: "ஆமாலே, எனக்குத் திக்கும். சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறு." ஒருவர் கேலி செய்கிறவராகவும் ஒருவர் பதில் சொல்கிறவராகவும் மாறி மாறி நடிக்கலாம். பதில் சொல்லும்போதே திக்கினாலும் பரவாயில்லை என்பது நடிப்பிலேயே பிடிபடும். மறைக்கிறவனைத்தான் சீண்டுவது சுவை. ஒத்துக்கொண்டவனைச் சீண்டுவதில் சுவை குறைவு. அடி, பணம் பறிப்பு, கைபேசியில் படம் பிடித்துப் பரப்புவது என்று போனால் அது பிள்ளைகள் தீர்க்கும் விஷயம் அல்ல. தலைமையாசிரியரிடமும் தேவைப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்ல வேண்டும். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று எந்தப் பிள்ளையாவது வாய்தவறிச் சொன்னாலும் அன்றே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். மனநல ஆலோசனைக்கான இலவச அரசு எண் 14416. வெளியே சொல்லக் கூடாது என்ற மூன்றாவது விதி இதற்குப் பொருந்தாது என்பதை முதல் கூட்டத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

பள்ளியிலும் கோயிலிலும்

பள்ளி நாளில் திக்கிப் பேசும் பிள்ளைக்குக் கடினமான இடங்கள் எவை என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்ததுதான்: வருகைப்பதிவு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்பு, செய்யுள் ஒப்பித்தல், வரிசையாக ஒரு பத்தி வாசிக்கச் சொல்லும் ஆங்கில வகுப்பு. எல்லோரும் சேர்ந்து பாடுவதால் தமிழ்த்தாய் வாழ்த்தில் சிக்கலில்லை. குழு ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாம். பிள்ளைகளே சொல்லச் சொல்ல எழுதப்பட்டால் இன்னும் நல்லது. வருகைக்குக் கையைத் தூக்கினால் போதும் என்று விடலாம். ஒப்பித்தலை வகுப்புக்குப் பின் தனியாகக் கேட்கலாம், அல்லது எழுதச் சொல்லலாம். வாசிப்பில் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கவைக்கலாம். ஒரேயடியாக விலக்குக் கொடுத்து ஓரமாக உட்காரவைப்பது மட்டும் கூடாது. எந்த உதவி வேண்டும் என்பதைப் பிள்ளையிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஆசிரியரே பழித்துக் காட்டினால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கும் மனத் துன்புறுத்தலாக அது கொள்ளப்பட வேண்டியது.

கோயிலில் வாசகம் வாசிக்க ஆசைப்படுகிற பிள்ளை இருக்கும். முன்னரே தயாரித்து, இருவர் சேர்ந்து வாசிக்க ஏற்பாடு செய்யலாம். தனியாகவே வாசிப்பேன் என்று அந்தப் பிள்ளை சொன்னால் அதற்கும் இடம் கொடுக்க வேண்டும். ஒரு வாசகம் இரண்டு நிமிடம் நீண்டால் திருப்பலிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. ஆனால் அதன் விளக்கம் குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பு போன்ற நிரந்தரக் குறைபாடுகளைச் சுட்டுகிறது. திக்கலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே சான்றிதழை நம்பிக் காத்திராமல் தலைமையாசிரியரோடு நேரில் பேசுவதே விரைவான வழி.

பெற்றோர்

பிள்ளைகள் கூடும் அதே நேரத்தில் பெற்றோரும் பக்கத்து அறையில் உட்காரட்டும். பெரும்பாலும் தாய்மார்களே வருவார்கள். ஞாயிறு என்பதால் தகப்பன்மாரையும் கேட்கலாம். வேலைநாளில் இரவு கடலுக்குப் போய் விடிந்து திரும்புகிறவரால் முடியாது. தகப்பனும் திக்கிப் பேசுகிறவராக இருப்பது உண்டு. தன் பிள்ளையிடம் தன்னையே கண்டு கோபப்படுகிறவரும் அவரே. அவர் ஒருமுறை வந்து உட்கார்ந்தால் அந்த வீட்டில் நிறைய மாறும்.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. "மெதுவாப் பேசு", "மூச்சை இழுத்துவிட்டுப் பேசு", "யோசிச்சுப் பேசு" என்ற மூன்றையும் நிறுத்துவது முதல் வேலை. பிள்ளை பேசி முடிக்கும்வரை கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது இரண்டாவது. தாங்கள் பேசும் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். விருந்தினர் முன்னால் பாட்டுச் சொல், பைபிள் வசனம் சொல் என்று நிறுத்திவைக்க வேண்டாம்.

மருத்துவ உதவிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவையோ, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட இளஞ்சிறார் இடையீட்டு மையத்தையோ முதலில் அணுகலாம். தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற பேச்சுச் சிகிச்சையாளரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பத்து நாளில் குணம், பணம் திருப்பித் தரப்படும் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் போகவே கூடாது. பள்ளி வயதைத் தாண்டியும் தொடரும் திக்கலை முழுதாக நீக்கும் மருந்தோ மாத்திரையோ இன்றுவரை இல்லை. சிகிச்சை திணறலைக் குறைக்கும், பேச்சை எளிதாக்கும். குழு அந்தச் சிகிச்சைக்கு மாற்று ஆகாது. சிகிச்சை கிடைக்காத மாதங்களிலும் பிள்ளை தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளும்.

வெளியூர்த் துணை

இத்தகைய குழுக்கள் முதலில் பெரியவர்களுக்காகவே தோன்றின. அமெரிக்காவில் 1977இல் தொடங்கிய தேசியத் திக்கல் சங்கமும், 1978இல் பிரிட்டனில் தொடங்கிய சங்கமும் அப்படிப்பட்டவை. பிள்ளைகளுக்கென்றே ‘ஃபிரண்ட்ஸ்’ என்ற அமைப்பு 1997இலும், நியூயார்க்கில் டாரோ அலெக்சாண்டரின் அமைப்பு 2001இலும் அமெரிக்காவில் வந்தன. பின்னது நாடகமும் கோடை முகாமும் நடத்துகிறது. 2020 ஆகஸ்டில் பிரேடன் ஹாரிங்டன் என்ற 13 வயதுச் சிறுவன், அதிபர் வேட்பாளர் ஜோ பைடனும் தானும் திக்குகிறவர்கள் என்ற ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஜனநாயகக் கட்சி மாநாட்டில் திக்கிக்கொண்டே பேசினான். அந்தக் காணொளியைப் பதின்வயதுக் குழுவுக்குக் காட்டலாம். மொழி புரியாவிட்டாலும் பேச்சு புரியும். இந்தியாவில் மருத்துவர் சத்யேந்திர ஸ்ரீவஸ்தவா 2008இல் டேராடூன் பகுதியிலிருந்து தொடங்கிய இந்தியத் திக்கல் சங்கம், குணமாக்குவதை அல்ல, ஏற்றுக்கொள்வதை முன்வைத்து நகரங்களில் சுய உதவிக் குழுக்களை உருவாக்கியது. பெரும்பாலும் இளைஞர்களுக்கானவை அவை. 18 வயது முடிந்து கல்லூரிக்கோ வேலைக்கோ சென்னை, பெங்களூரு போகிற பிள்ளையை அங்கே சேர்த்துவிடலாம். ஆண்டுதோறும் அக்டோபர் 22 பன்னாட்டுத் திக்கல் விழிப்புணர்வு நாள். 1998 முதல் கடைப்பிடிக்கப்படும் அந்த நாளில் பள்ளியில் ஒரு சுவரொட்டி ஒட்டலாம். பிள்ளைகளை மேடையேற்றுவது அவர்கள் கேட்டால் மட்டும்.

பெரியதாழையில் இரண்டு பேர்தான் கிடைக்கிறார்கள் என்றால் மணப்பாட்டிலும் உவரியிலும் உடன்குடியிலும் விசாரிக்கலாம்; பேருந்துத் தூரம்தான். ஆறாவது பிள்ளை வரட்டும் என்று காத்திருந்து ஓராண்டைக் கடத்த வேண்டாம். மூன்று பிள்ளைகளும் ஒரு பெரியவரும் சம்மதித்துவிட்டால், இரண்டாவது பெரியவரைத் தேடிப் பிடித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.